லிஜி திருப்பி வைத்த மூன்று ஸ்க்ரூ

லிஜி, நீ இருந்திருந்தால் அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தே செத்திருப்பாய்.

மொட்டை மாடியில் உன் டெலஸ்கோப்பை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தி வைத்திருக்கிறேன். குனிந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கண்ணால் பார்க்கிறேன். ஒன்றுமே தெரியவில்லை. வெறும் கறுப்பு. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால்கூட அடியில் கொஞ்சம் வானம் தெரியும். இதில் அதுவும் இல்லை.

சூரியன் இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சுற்றிலும் எல்லா வீட்டிலும் கிறிஸ்மஸ் ஸ்டார் எரிய ஆரம்பித்திருந்தது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. எங்கள் வீட்டு முன்னால் மட்டும் கம்பு இல்லை, ஸ்டாரும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் ஸ்டார் கட்டுவதில்லை, குடில் வைப்பதில்லை.

கீழே இருந்து அம்மா கூப்பிட்டாள்.

"லே அஜி, தலையில துவர்த்து கெட்டினியா?"

"கெட்டினேம்மா."

கட்டவில்லை. துவர்த்து, அதாவது துண்டு, தோளில் கிடந்தது. எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டேன். டெலஸ்கோப் கெட்டுப்போய்விட்டதோ என்ற பயம்.

லிஜியைப் பற்றிப் போன வாரம் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, 'அந்த டெலஸ்கோப் இப்போது எங்கே இருக்கிறது தம்பி?' என்று ஒரு அக்கா கேட்டிருந்தார்கள். அதைத்தான் இந்த வாரம் சொல்கிறேன். போன வாரம் படிக்காதவர்களுக்கு: லிஜி என் தங்கச்சி. எனக்கு ஒரே தங்கச்சி.

பெட்டி வந்த நாள்

பக்கத்து ஊரான கருங்கலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லிஜிக்கு வேலை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எனக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. அவள் பன்னிரண்டு வரை படித்தாள். மாசச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, யாரிடமும் சொல்லாமல் போனில் டெலஸ்கோப்புக்கு ஆர்டர் போட்டுவிட்டாள்.

பெட்டி வந்த அன்று நான்தான் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பின்னால் உட்கார்ந்து பெட்டியைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

"அண்ணா, குழியில விடாத. உள்ள இருக்கது கண்ணாடி."

"நான் தெனமும் கொண்டு போறது மட்டும் என்ன, பஞ்சா?"

"டைல்ஸ் ஒடைஞ்சா வேற டைல்ஸ் வரும். இது ஒடைஞ்சா நீதான் எனக்குச் சனி கிரகமா வந்து நிக்கணும்."

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னதுட்டி இது, பீரங்கியா? யாருக்க வீட்ட நீ உடைக்கப் போறா?"

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து, பால் விடாத கட்டஞ்சாயா குடித்துவிட்டு மாடி ஏறுவாள். ஸ்டாண்டைத் தூக்குவது என் வேலை. குழலை அவளே தூக்குவாள், குழந்தையைத் தூக்குவதுபோல. அவள் தேடிக் கண்டுபிடித்து வைப்பாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள். நான் போய்ப் பார்ப்பேன். சனி கிரகத்தை அப்படித்தான் பார்த்தேன். இவ்வளவு சின்னதாக, வளையத்தோடு, யாரோ வரைந்து ஒட்டியதுபோல இருந்தது. குழலின் முன்னால் போய்க் கண்ணாடியில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அவள் என் முதுகில் அடித்தாள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று ஒரு நாளும் நான் கவனித்ததில்லை. அவள்தான் இருக்கிறாளே.

பனி

எங்கள் பக்கத்தில் மார்கழிப் பனியைச் சாதாரணமாக நினைக்க மாட்டார்கள். சாயங்காலமே இறங்க ஆரம்பித்துவிடும். மாடிக் கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். பனி உச்சந்தலை வழியாக உள்ளே இறங்கினால் ஆளைப் படுக்கவைத்துவிடும் என்பது அம்மாவின் எண்ணம். சின்ன வயதில் கிறிஸ்மஸுக்குக் கேரல் பாட வீடு வீடாகப் போகும்போது எங்கள் இரண்டு பேர் தலையிலும் துவர்த்தைக் கட்டி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு அனுப்புவாள். மற்றப் பிள்ளைகள் எங்களைக் கிழவி என்று கூப்பிடுவார்கள்.

டெலஸ்கோப் பார்க்கும்போது லிஜி துவர்த்து கட்ட மாட்டாள். குனிந்தால் அதன் நுனி வந்து லென்ஸை மறைக்கும் என்பாள். அம்மா படிக்கட்டின் கீழே நின்று கத்துவாள். இவள் மேலே நின்று, "கெட்டிட்டேன், கெட்டிட்டேன்" என்பாள்.

போன கிறிஸ்மஸ் முடிந்து வந்த காய்ச்சல்தான் அவளைக் கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் வேறு ஒரு பேர் சொன்னார்கள். பனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, "அந்தக் கொழலுதான் எனக்க பிள்ளையக் கொண்டு போச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா மாடி ஏறவே இல்லை. துணி காயப்போடக்கூட முற்றத்தில் கயிறு கட்டினாள். டெலஸ்கோப் லிஜியின் கட்டிலுக்கு அடியில் போனது. அதன்மேல் தேங்காய்ச் சாக்கு ஏறியது.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா கேட்டாள்.

"லே, அவ தெனமும் அங்கன நின்னு அப்படி என்னத்தப் பாத்தா?"

"சனி கிரகம்மா. சுத்தி வளையம் இருக்கும்."

அகப்பை அப்படியே நின்றுவிட்டது.

"சனியனையா?"

"அது வெறும் பேரும்மா. நல்லா இருக்கும் பாக்க."

"சனியனப் பாக்கதுக்கா எனக்க பிள்ள பனியில நின்னா?"

நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். எனக்கு விளக்கத் தெரியவில்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்கிற குடும்பம். ஜாதகம் பார்ப்பதில்லை. ஆனாலும் சனி என்ற சொல் அம்மாவின் நெஞ்சில் ஆணிபோல இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அடிக்கடி வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்காருவாள். என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தன் மகள் கடைசியாக ஆசைப்பட்டுப் பார்த்தது ஒரு கெட்டதை என்று நினைக்கிறாள்.

ஆக்கர்காரர்

டிசம்பர் பிறந்ததும் பழைய சாமான் எடுக்கிற ஆக்கர்காரர் வந்தார். அம்மா அவரிடம் டெலஸ்கோப்பைப் பற்றிச் சொல்வது எனக்குக் கேட்டது.

"இரும்பும் கண்ணாடியுமா ஒரு கொழலு கெடக்கு. புது வருசம் பொறந்த அன்னைக்கு வந்து எடுத்துட்டுப் போங்க. அதுக்கு மேல அது இந்த வீட்டுல இருக்கப்பிடாது."

ஆக்கர்காரர் போன பிறகு நான் கேட்டேன்.

"அம்மா, அத ஒரு தடவ நீ பாத்துட்டுக் குடுத்தா என்ன?"

"நீ காட்டுவியா?"

"காட்டுதேன்."

"செரி. காட்டு. அதுக்குப் பெறவு குடுத்துருவேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எனக்கு அதை இயக்கவே தெரியாது.

மூடி

முதல் நாள் பார்த்த கறுப்பைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். இரண்டாவது நாளும் அதே கறுப்பு. தேங்காய்ச் சாக்கின் பாரத்தில் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். இரவெல்லாம் தூக்கம் இல்லை. மூன்றாவது நாள் என்கூட வேலை செய்கிற டென்னிஸ் அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் குழலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன்னால் போய் நின்றார்.

"ஏலே, மூடிய எடுத்தியா?"

"எடுத்தேனே. இன்னா, தரையில கெடக்கு."

"அது கண்ணு வைக்க பக்கத்துல உள்ள சின்ன மூடி. முன்னால பெரிய மூடி அப்படியே இருக்கு. அண்டா மூடியத் தொறக்காம சோறு கோரப் பாத்திருக்கா நீ."

பெரிய மூடியை எடுத்ததும் வெளிச்சம் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடையவில்லை.

ஆனாலும் எதையும் பிடிக்க முடியவில்லை. பெரிய குழலில் தெரிகிற வானம் ரொம்பக் கொஞ்சம். ஊசித்துவாரம் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்ப்பதுபோல. அதற்காகத்தான் குழலின் முதுகில் ஒரு சின்னக் குழல் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதில் வானம் அகலமாகத் தெரியும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இருக்கும். கோடு வெட்டுகிற இடத்தில் நமக்கு வேண்டியதைக் கொண்டுவந்தால், பெரிய குழலிலும் அது நடுவில் வந்து நிற்க வேண்டும். அதற்கு இரண்டு குழலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். சின்னக் குழலைச் சுற்றி மூன்று ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் திருப்பித்தான் சரி செய்ய வேண்டும். இதெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சாக்கு அமுக்கியதில் எங்கள் சின்னக் குழல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அது ஒரு திசை, பெரியது ஒரு திசை.

"அப்போ ஸ்க்ரூவத் திருப்பு" என்றார் டென்னிஸ் அண்ணன்.

"வேண்டாம்ணே. வேற வழி பாப்போம்."

"ஏன்?"

"அது லிஜி திருப்பி வச்சது."

அவள் போன பிறகு எல்லாம் மாறிவிட்டது. அவள் துணியை அம்மா கோயிலில் கொடுத்துவிட்டாள். அவள் கட்டிலுக்கு அடியில் தேங்காய் கிடக்கிறது. அவள் விரல் கடைசியாக எங்கே நிறுத்தியதோ அங்கேயே நிற்பது அந்த மூன்று ஸ்க்ரூ மட்டும்தான். அதையும் நான் திருப்பிவிட்டால் பிறகு என்ன இருக்கிறது?

டென்னிஸ் அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

ஐந்து முனை

பிறகு மழை. வடகிழக்கு மழையின் மிச்சம், கிறிஸ்மஸ் வரைக்கும் விட்டு விட்டுப் பெய்தது. கேரல் பாடுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் டிரம் அடிப்பதை நிறுத்திவிட்டு, மெதுவாக ஒரு ஜெபம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் போய்க்கொண்டே இருந்தது.

கிறிஸ்மஸ் கழிந்து ஒரு சாயங்காலம் மேகம் விலகியது. ஓடிப்போய் ஸ்டாண்டை வைத்தேன். சின்னக் குழலைத் தொடாமல், பெரிய குழலில் கண்ணை வைத்துக்கொண்டே கையால் மெல்ல மெல்ல நகர்த்தினேன். இருட்டில் தீப்பெட்டி தடவுகிற மாதிரி. தெற்கும் மேற்கும் சேருகிற பக்கம், தாழ்வாக, இரண்டு தென்னைக்கு நடுவில் ஒரு வெளிச்சம் மின்னியது. அதைப் பிடித்தேன். மங்கலாக இருந்தது. கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற உருண்டைத் திருகைத் திருப்பித் தெளிவாக்கினேன்.

ஐந்து முனையோடு ஒரு நட்சத்திரம்.

நீங்கள் சிரிப்பீர்கள். நட்சத்திரம் என்றால் சின்ன வயதிலிருந்து ஐந்து முனையோடுதானே வரைகிறோம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துவிட்டேன். வெள்ளையாக, ஓரத்தில் சிவப்பாக, அவ்வளவு அழகு. அம்மாவுக்குச் சனி பிடிக்கவில்லை. இதைக் காட்டலாம். இதைத்தான் லிஜி பார்த்தாள் என்று சொல்லலாம்.

"அம்மா, ஓடி வா. கெடச்சிட்டு."

அம்மா வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு மாடிப்படி ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. குனிந்து கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மக்களே, அஜி."

"சொல்லும்மா."

"இதுல ஒரு பக்கம் பேப்பரு கிழிஞ்சிருக்கு."

நான் பார்த்தேன். கிழிந்துதான் இருந்தது. கீழே மூங்கில் கம்பும் தெரிந்தது. வயர் தொங்கியது. குளச்சல் போகிற வழியில் மேட்டில் இருக்கிற யாரோ வீட்டில் கட்டிய கிறிஸ்மஸ் ஸ்டார்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுக்கா அவ பனியில நின்னா?" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

நெயில் பாலிஷ்

மறுநாள் வேலை செய்கிற வீட்டில் டென்னிஸ் அண்ணனிடம் இதைச் சொன்னேன். சிரித்து, சிரித்து, சிமெண்டுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அம்ம என்ன சொன்னாவ?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் டைல்ஸ் மேல் ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"லே அஜி, நமக்க வேலையில ஒரு டைல்ஸ் இறங்கிட்டுன்னு வையி. ஒட்டினவரு பெரிய மேஸ்திரி, செத்தும் போயிட்டாரு. பேத்து எடுக்காம விடுவியா?"

"பேக்கத்தான் செய்யணும்."

"பெறவு? அவ நேரா வச்சா. தேங்கா கோணலாக்கிட்டு. நீ பாதுகாத்து வச்சிருக்கது அவ வச்சதையா, தேங்கா வச்சதையா?"

நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பின்ன ஒரு காரியம். அந்த ஸ்டாரு நகராம ஒரே எடத்துல நிக்கும் இல்லியா? நட்சத்திரம்னா ஓடும். நூலு பிடிச்சுப் பாக்க அசையாத ஒண்ணு வேணும். அத வச்சே ரெண்டு கொழலயும் நேராக்கலாம்."

அன்று சாயங்காலம் அவரும் வந்தார். லிஜியின் அலமாரியில் ஒரு நெயில் பாலிஷ் குப்பி இருந்தது. பாதி உறைந்துபோயிருந்தது. கொஞ்சம் வெந்நீரில் வைத்து இளக்கினேன். ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன்னால் மூன்றின் தலையிலும், அதை ஒட்டிய வளையத்திலும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு வைத்தேன். அவள் விரல் நிறுத்திய இடம் எது என்று எப்போது வேண்டுமானாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

அது காயட்டும் என்று காத்திருந்தபோது அந்த மேட்டுப் பக்கம் கரண்டு போய்விட்டது. ஸ்டார் அணைந்தது.

"நமக்க விதி இப்போ மின்வாரியத்துக்க கையில" என்றார் டென்னிஸ் அண்ணன்.

இரண்டு பேரும் இருட்டில் நின்றோம். வருஷக் கடைசிக்கு இனி அதிக நாள் இல்லை. ஜெபமாலையில் ஒரு பத்து மணி உருட்டி முடித்தபோது தூரத்தில் விளக்குகள் வந்தன. கிழிந்த ஸ்டாரும் வந்தது.

பெரிய குழலில் ஸ்டாரை நடுவில் வைத்தேன். அதை அசையாமல் இறுக்கினேன். டென்னிஸ் அண்ணன் பெரிய குழலில் காவல். நான் சின்னக் குழலில் கண்ணை வைத்து முதல் ஸ்க்ரூவைத் தொட்டேன்.

அது உடனே திரும்பவில்லை. இறுகிப் பிடித்திருந்தது. பிறகு சின்னதாக ஒரு சத்தம் போட்டுவிட்டு இளகியது. அந்தச் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, 'மன்னிச்சுக்கோட்டி' என்று மனசுக்குள் சொன்னேன்.

சின்னக் குழலில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். கம்பு மேலே, ஸ்டார் கீழே. வலது பக்கம் போக வேண்டும் என்று திருப்பினால் இடது பக்கம் போகும். ஒரு ஸ்க்ரூவை இறுக்கினால் இன்னொன்றைத் தளர்த்த வேண்டும்.

"ஸ்டாரு நடுவுல நிக்குதாண்ணே?"

"நிக்கு. நீ தலையக் கொண்டு இடிக்காத."

"பைய, பைய."

"அதச் சொல்லியே நீ நாலு தடவ இடிச்சிட்டா."

கோடு வெட்டுகிற இடத்தில் ஸ்டார் வந்து உட்கார்ந்தது. பெரிய குழலிலும் அதே ஸ்டார், நடுவில்.

முதலில் மேற்கே நல்ல வெளிச்சமாக நின்ற வெள்ளியைப் பிடித்தேன். அரை நிலாபோல இருந்தது. டென்னிஸ் அண்ணன் பார்த்துவிட்டு, "நெலாவுக்குப் பிள்ள பெறந்திருக்காலே?" என்றார். அப்புறம் அதற்கு மேலே, மின்னாமல், லேசான மஞ்சளில் நின்ற ஒரு பொட்டு. மின்னாமல் நிற்பது கிரகம் என்று லிஜி சொல்லியிருக்கிறாள். சின்னக் குழலின் கோட்டில் கொண்டுவந்தேன். பெரிய குழலில் கண்ணை வைத்தேன்.

இருந்தது. போன வருஷம் பார்த்ததைவிட வளையம் மெலிந்திருந்தது. ஆனால் அதேதான்.

நான் டென்னிஸ் அண்ணனைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் யாரையும் கூப்பிடவில்லை.

அடுப்பில் மீன்

அம்மாவை அன்றே கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னொரு தடவை தப்பாகிவிட்டால் அம்மா தாங்க மாட்டாள். நானும் தாங்க மாட்டேன். மறுநாள் தனியாகப் பிடித்துப் பார்த்தேன். கிடைத்தது. அதற்கு அடுத்த நாள் மேகம். அதற்கும் அடுத்தது வருஷத்தின் கடைசி நாள்.

அன்று மத்தியானம் முழுக்க மேகம் போவதும் வருவதுமாக இருந்தது. நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் அம்மா வருஷக் கடைசிப் பூசைக்காக வெள்ளைச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மேலே போய்ப் பார்த்தேன். மேற்கே மேகத்தில் ஒரு கிழிசல். அதற்குள் சனி நின்றது.

கீழே வந்து அம்மா முன்னால் நின்றேன். அம்மாவே என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கும் பேப்பரா?"

"இல்லம்மா."

என் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து என் தலையில் சுற்றி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். முந்தானையைத் தன் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படி ஏறினாள்.

அவள் குனிந்தாள். நான் பக்கத்தில் நின்று மேகத்தைப் பார்த்தேன். மேகம் நகர்ந்துகொண்டே இருந்தது. அம்மா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள். எதுவும் தெரியவில்லையோ? மறுபடியும் தப்பா?

"சின்னதா இருக்கு" என்றாள்.

"ஆமா."

"ஒரு முத்துல ஊசி கோத்தாப்போல."

"அதான் வளையம்."

"அய்யோ, போவுது. லே, போவுது. நான் ஒண்ணும் தொடல்ல."

"நீ தொடல்லம்மா. அது போய்க்கிட்டே இருக்கும். நம்மதான் பின்னால போவணும்."

குழலை மெல்ல நகர்த்தி மறுபடி நடுவில் கொண்டுவந்து வைத்தேன். அம்மா பார்த்தாள். அது நகர்ந்ததும் என் கையைத் தட்டினாள். நான் கொண்டுவந்தேன். மறுபடி தட்டினாள்.

"இதத்தான் பாத்தாளா?"

"இதத்தான்."

"நெசமா?"

"எனக்கும் காட்டினா அம்மா. இதேதான்."

அம்மா நிமிரவில்லை. குழலில் கண்ணை வைத்தபடியே சொன்னாள்.

"ஒரு நாளு என்னையும் கூப்பிட்டா. மீனு அடுப்புல கெடந்து."

கோயில் மணி அடித்தது. பூசைக்கு நேரமாகிறது என்று நான் சொல்லவில்லை. மேகம் வந்து மூடும் வரைக்கும் என் கையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மூடிய பிறகும் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

புது வருஷத்தன்று காலையில் ஆக்கர்காரர் வந்து மணி அடித்தார். அம்மா பழைய பேப்பர் கட்டையும் ஓட்டை வாளியையும் தூக்கிக் கொடுத்தாள்.

"கொழலு?" என்று கேட்டார்.

"அது குடுக்கதுக்கு இல்ல" என்றாள் அம்மா. "சாயங்காலம் அதுல பாக்க ஆளு உண்டு."

டெலஸ்கோப் இப்போது லிஜியின் கட்டில்மேல் இருக்கிறது. தேங்காய்ச் சாக்கு மட்டும் அடியில் கிடக்கிறது. மூன்று ஸ்க்ரூவின் தலையிலும் சிவப்புப் பொட்டு அப்படியே இருக்கிறது. வளையத்தில் வைத்த பொட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

இந்த மாசம் லிஜிக்கு வருஷம் திரும்புகிறது. எங்கள் கோயிலில் பூசை வைத்திருக்கிறோம். இதைப் படிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் யாரைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், ஒரு நிமிஷம் லிஜியின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவள் போன இடத்தில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். வெளியே நின்று வேண்டுகிறவர்கள், எங்கள் அம்மாவுக்காக, தலையில் ஒரு துவர்த்து கட்டிக்கொள்ளுங்கள்.